கேள்வி நேரம்: புராஸ்டேட் புற்றுநோயும் ராணுவ மருத்துவமனையின் பழைய காகிதங்களும்

அல்சூர், விவேக் நகர், ஜாலஹள்ளி, ஹெச்.ஏ.எல். பகுதி என்று பெங்களூரின் நாலா பக்கமும் ஓய்வுபெற்ற தமிழ்ப் படைவீரர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) புற்றுநோய் பற்றியும், ராணுவ மருத்துவமனைகளில் அதன்மேல் நடக்கும் ஆராய்ச்சி பற்றியும் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம். முழு ரிப்போர்ட்டையும் அனுப்பி "என்ன செய்யட்டும்?" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். ஆளைப் பார்க்காமல் சிகிச்சை சொல்வது முறையல்ல.

அமெரிக்க ராணுவ பட்ஜெட்டில் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குகிறார்களாம். சண்டைக்கும் இந்த நோய்க்கும் என்ன சம்பந்தம்?
– ஓய்வுபெற்ற சுபேதார், அல்சூர்

சண்டைக்குச் சம்பந்தமில்லை ஐயா. ஆள் கணக்குக்கும் ஆவணத்துக்கும்தான் சம்பந்தம்.

இது மெதுவாக நகரும் நோய். ஒரு சிகிச்சை பலன் தந்ததா என்று தெரிய பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரே ஆளைப் பின்தொடர வேண்டும். தனியார் மருத்துவமனையில் நோயாளி வீடு மாறினால் தொடர்பு போய்விடும். இன்ஷூரன்ஸ் மாறினால் டாக்டரும் மாறிவிடுவார். ராணுவ மருத்துவத்தில் ஆளுக்கு ஒரு எண் உண்டு, சிகிச்சைக்குக் காசு தடையில்லை, எந்த ஊருக்கு மாற்றலானாலும் அதே அமைப்பின் மருத்துவமனைதான். நீண்டகால ஆய்வுக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது.

இதைப் புரிந்துகொண்டுதான் 1991-இல் அமெரிக்கக் காங்கிரஸ் புராஸ்டேட் நோய் ஆராய்ச்சி மையம் ஒன்றை ராணுவ மருத்துவத்துக்குள்ளேயே உருவாக்கியது. வால்டர் ரீட் போன்ற ராணுவ மருத்துவமனைகளின் நோயாளிகளை ஒரே தரவுத்தளத்தில் சேர்த்து, பயாப்ஸி, அறுவை சிகிச்சை, அதன்பின் வரும் ஒவ்வொரு பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம், ரத்தத்தில் அளப்பது) அளவு என்று பதிந்து வந்தார்கள். கூடவே அறுவையில் எடுத்த திசுக்களையும் சேமித்தார்கள். ஈ.ஆர்.ஜி. என்ற மரபணு புராஸ்டேட் புற்றில் அடிக்கடி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று 2005-இல் அந்த மையத்தார் வெளியிட்டது இந்தத் திசுக்களை வைத்துத்தான். அதே ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு அதற்கான காரணத்தைக் கண்டது. டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணு உடைந்துபோய் ஈ.ஆர்.ஜி.யோடு ஒட்டிக்கொள்கிறது. வெள்ளையரின் புராஸ்டேட் புற்றில் ஏறக்குறைய பாதியில் இந்த ஒட்டு இருக்கும். கறுப்பினத்தாரிலும் கிழக்காசியரிலும் குறைவு.

நீங்கள் படித்த பட்ஜெட் ஒதுக்கீடு இதிலிருந்து வேறு. பாதுகாப்புத் துறையின் புராஸ்டேட் புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டம் 1997-இல் தொடங்கியது. பணம் ராணுவக் கணக்கில் வந்தாலும், பெறுபவர்களில் பெரும்பாலோர் சிவிலியன் பல்கலைக்கழக விஞ்ஞானிகள். இன்று நம் ஊர் மருந்துக் கடையிலும் கிடைக்கும் என்சலூட்டமைடு, அபாலூட்டமைடு மருந்துகளின் ஆரம்பகட்டச் சோதனைகளை நடத்திய மருத்துவமனைக் கூட்டமைப்புக்கு இந்தத் திட்டமும் பணம் கொடுத்தது. மூன்றாவதாக, ஓய்வுபெற்ற வீரர்களுக்கான வெட்டரன்ஸ் துறை மருத்துவமனைகள் தனி அமைச்சகத்தின் கீழ் வருபவை. செய்தித்தாள்கள் மூன்றையும் "அமெரிக்க ராணுவம்" என்றே எழுதிவிடுகின்றன.

காசு தடையில்லாத அமைப்பு என்பதால் கிடைத்த ஒரு பதிலைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கறுப்பின ஆண்கள் புராஸ்டேட் புற்றால் இறப்பது பொதுவாக அதிகம். இதற்குக் காரணம் உடம்பா, மருத்துவமனைக்குப் போக முடியாததா என்ற விவாதம் பல காலமாக நடக்கிறது. வெட்டரன்ஸ் மருத்துவமனைகளில் சுமார் 60,000 நோயாளிகளின் ஆவணங்களை அலசி 2020-இல் வந்த ஆய்வில், பத்தாண்டில் இந்த நோயால் இறந்தவர்கள் கறுப்பினத்தாரில் 4.4 சதவீதம், வெள்ளையரில் 5.1 சதவீதம். கதவு எல்லோருக்கும் ஒரேபோல் திறந்திருந்தால் இடைவெளி காணாமல் போகிறது.

இனி நம் கதை. நம்மிடம் 1948-இல் தொடங்கிய புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. டெல்லி கன்டோன்மென்டில் ஆர்மி மருத்துவமனை (ஆர்.ஆர்.), மும்பை கொலாபாவில் ஐ.என்.ஹெச்.எஸ். அஸ்வினி, பெங்களூரில் விமானப்படைக் கமாண்ட் மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஆனால் ஒரு ஜவான் நாற்பது வயதையொட்டி ஓய்வுபெறுகிறார். புராஸ்டேட் புற்று பெரும்பாலும் அறுபதுக்கு மேல்தான் தலைகாட்டும். படையின் மருத்துவ ஆவணம் முடிந்து இருபது ஆண்டு கழித்து நோய் தொடங்குகிறது! 2003 ஏப்ரல் 1-இல் வந்த ஈ.சி.ஹெச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் சிகிச்சைக்கு வழி செய்தது. ஆனால் பாலிகிளினிக்கில் ரெஃபரல் வாங்கி எம்பேனல்டு தனியார் மருத்துவமனைக்குப் போகும்போது காகிதம் மூன்று இடத்தில் சிதறுகிறது. அதைச் சேர்த்து வைக்கிற ஒரே ஆள் நீங்கள்தான். கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதே.

அப்பா விமானப்படையில் ரேடார் பிரிவில் இருந்தார். 68 வயதில் புராஸ்டேட் புற்று. ரேடார்தான் காரணமா?
– வாசகி, ஜாலஹள்ளி

அப்படிச் சொல்ல ஆதாரம் போதாது. ரேடார், செல்போன் வகை ரேடியோ அலைகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் "2பி", அதாவது "காரணமாக இருக்கக்கூடும்" என்ற பிரிவில் வைத்தது. அந்த முடிவும் மூளைக் கட்டிகளை வைத்து எடுத்ததுதான், புராஸ்டேட்டை வைத்து அல்ல. 68 வயது என்பது இந்த நோய் சாதாரணமாக வரும் வயதுதான். டெல்லி, புனே, திருவனந்தபுரம் போன்ற நகரங்களில் ஆண்களின் புற்றுநோய்களில் இது இரண்டாம் இடத்திலும், பெங்களூர், மும்பையில் மூன்றாம் இடத்திலும் இருப்பதாகப் பதிவேடுகள் காட்டியிருக்கின்றன. ரேடார் பக்கமே போகாதவர்கள்தான் அதில் மிகப் பெரும்பான்மை.

2023-இல் பென்டகன் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தீர்கள். 1992 முதல் 2017 வரை பணியாற்றிய சுமார் 9 லட்சம் விமானப் பணியினரைப் பொதுமக்களோடு ஒப்பிட்ட ஆய்வு அது. பறக்கும் குழுவினரிடம் புராஸ்டேட் புற்று 16 சதவீதம் அதிகம் என்று வந்தது. எண் சரி. அதைப் படிக்கும் விதத்தில்தான் கவனம் வேண்டும். விமானிக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. தேடினால் கிடைக்கிற நோய் இது. வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராத சின்னக் கட்டிகூட பி.எஸ்.ஏ. பார்த்தால் வெளியே வந்துவிடும். ஆகவே நோய் கண்டவர் எண்ணிக்கை கூடியதை மட்டும் வைத்து "வேலையால் வந்தது" என்று முடிவு கட்ட முடியாது. இறப்பும் சேர்ந்து கூடியதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆய்வில் அது கூடவில்லை.

ரசாயனம் என்றால் கதை வேறு. வியட்நாமில் 1962–1971-இல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லியில் கலந்திருந்த டையாக்சின் என்ற நச்சுக்கும் புராஸ்டேட் புற்றுக்கும் ஓரளவு தொடர்பு இருக்கலாம் என்ற அடிப்படையில், அமெரிக்க வெட்டரன்ஸ் துறை 1996-இல் இதை ஈடு தரத்தக்க நோயாக ஏற்றது. அது அவர்கள் வீரர்களுக்கு. உங்கள் அப்பாவுக்குப் பொருந்தாது.

ராணுவ மருத்துவமனையில் ஆராய்ச்சிக்காக ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்கிறார்கள். கேட்பவர் கர்னல். நான் ஹவில்தாராக ஓய்வுபெற்றவன். மறுக்கலாமா?
– வாசகர், விவேக் நகர்

தாராளமாக மறுக்கலாம். மறுத்தால் உங்கள் சிகிச்சையிலோ சலுகையிலோ எதுவும் குறையக் கூடாது என்பது விதி. அது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். மருத்துவ ஆய்வுகளுக்கான உலகளாவிய நன்னடத்தை நெறி, யாரெல்லாம் அழுத்தத்துக்கு ஆளாகக்கூடியவர்கள் என்று பட்டியலிடும்போது படைவீரர்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. "யெஸ் சார்" என்று சொல்லிப் பழகிய வாய் சட்டென்று மறுக்காது என்று அவர்களுக்கும் தெரியும். பேட்ஜ் அணியாத வேறொருவர் வந்து விளக்கட்டும் என்று கேளுங்கள். நல்ல ஆய்வாளர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

கையெழுத்துக்கு முன் எந்த வகை ஆய்வு என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் மூன்றும் மூன்று அளவு விஷயம். பழைய ஆவணத்தை மட்டும் படிக்கப் போகிறார்கள் என்றால் உடம்புக்கு ஒன்றுமில்லை, பெயர் நீக்கப்படுமா என்பதுதான் கேள்வி. மிச்சத் திசுவை எடுத்து வைக்கப் போகிறார்கள் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை ஆண்டு வைப்பார்கள், வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா, குடும்பத்துக்கு முக்கியமான மரபணு மாற்றம் தெரிந்தால் உங்களுக்குச் சொல்வார்களா? மூன்றாவதற்குப் பல படிவங்களில் தனிக் கட்டம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள்.

புது மருந்துச் சோதனை என்றால் 2019-இன் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் பொருந்தும். நிறுவன நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். இதுவரை மனிதருக்குப் பயன்பாட்டுக்கு வராத மூலக்கூறு என்றால், அழுத்தத்துக்கு ஆளாகக்கூடியவர்களிடம் சம்மதம் வாங்குவதை ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும். சோதனையால் உடல்கேடு நேர்ந்தால் சிகிச்சை இலவசம், சோதனைதான் காரணம் என்று உறுதியானால் இழப்பீடும் உண்டு. மருந்துச் சோதனைகள் 2009 ஜூன் 15 முதல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் கட்டாயமாகப் பதிய வேண்டியவை. பதிவு எண்ணில் ஆண்டு, மாதம், அடுத்து ஆறு இலக்கம் இருக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி, பதிவேட்டின் இணையதளத்தில் மகனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எண் இல்லை என்றால் கையெழுத்து வேண்டாம்.

கையெழுத்திட்ட படிவத்தின் பிரதி உங்களுக்கு உரியது. விட்டுவிடாதீர்கள். இடையில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம்.

எக்ஸ் சர்வீஸ்மென் மருத்துவ முகாமில் பி.எஸ்.ஏ. 3.1. தனியார் லேபில் 3.9. ஒரே மாதத்தில் இப்படி ஏறுமா? மூன்று ஆண்டாக மூத்திர அடைப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.
– வாசகர், ஹெச்.ஏ.எல். பகுதி

ஏறாமலே இப்படிக் காட்டலாம். பி.எஸ்.ஏ. கருவிகள் இரண்டு தரக்கோல்களில் ஒன்றை வைத்து அளக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 96/670 என்ற தரத்தில் அளந்தால், பழைய ஹைபிரிடெக் தரத்தைவிட 20–25 சதவீதம் குறைவாக வரும். ஹைபிரிடெக்கில் 4.0 என்பது இங்கே சுமார் 3.1. பல ஆண்டுத் தரவைச் சேர்க்கிற ஆய்வாளர்களையும் இது படுத்துகிறது. எந்த மருத்துவமனை எந்த ஆண்டில் கருவியை மாற்றியது என்று தெரியாவிட்டால், பொய்யான ஏற்ற இறக்கம் வரைபடத்தில் தெரியும். உங்களுக்கான வழி எளிது: எப்போதும் ஒரே லேப், ஒரே கருவி. ரிப்போர்ட்டின் அடியில் சோதனை முறை எழுதியிருக்கும். அந்தப் பகுதியைக் கிழித்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் உங்கள் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் பி.எஸ்.ஏ. மாறாது. கூடவே டூட்டாஸ்டெரைடோ ஃபினாஸ்டெரைடோ இருந்தால், ஆறு மாதத்துக்குப் பின் பி.எஸ்.ஏ. பாதியாகிவிடும். அப்போது 3.1 என்பது உண்மையில் 6.2-க்குச் சமம், 3.9 என்பது 7.8. இந்த மாத்திரை சாப்பிடும்போது பி.எஸ்.ஏ. ஒருமுறை இறங்கிவிட்டு மறுபடி ஏறத் தொடங்கினால், 4-க்குக் கீழே இருந்தாலும் சும்மா விடக் கூடாது. முகாமில் மாத்திரைப் பெயரைக் கேட்காமலே "நார்மல்" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நாமாகத்தான் சொல்ல வேண்டும். வழுக்கைக்கு எடுக்கும் 1 மில்லிகிராம் ஃபினாஸ்டெரைடும் இதையே செய்யும். முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் அதிக அளவு பயோட்டின், சில கருவிகளில் அளவைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். சோதனைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

ரத்தம் கொடுப்பதற்கு 48 மணி நேரம் முன்பிருந்து நீண்ட சைக்கிள் பயணமும் உடலுறவும் வேண்டாம். மூத்திரத் தொற்று இருந்தாலோ, குழாய் போட்டிருந்தாலோ, பயாப்ஸி எடுத்திருந்தாலோ ஆறு வாரம் பொறுக்கவும். மொத்த பி.எஸ்.ஏ. ஓரளவு தாங்கும். "ஃப்ரீ பி.எஸ்.ஏ." (ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் பகுதி) அப்படியல்ல. ரத்தம் எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் சீரம் பிரித்துக் குளிரில் வைக்காவிட்டால் குறைந்துபோய், புற்று இல்லாதவருக்கும் இருப்பதுபோல் காட்டிவிடும். ஆதலால் அந்தச் சோதனையை முகாமில் கொடுக்க வேண்டாம், லேபுக்கே நேரில் போங்கள்.

இந்தக் குளிர்ச் சங்கதியைப் பெரிய அளவில் செய்பவர்கள் அமெரிக்க ராணுவத்தார். 1985-இல் ஹெச்.ஐ.வி. சோதனைக்காக எடுக்கத் தொடங்கிய ரத்தத்தின் மிச்ச சீரத்தை மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில் மைனஸ் 30 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். 5 கோடிக்கு மேல் குப்பிகள். நோய் வருவதற்கு முன்பு அதே ஆளின் ரத்தம் எப்படி இருந்தது என்று திரும்பிப் பார்க்க முடிவது அதனால்தான்.

வயது 74. கிளீசன் 3+3. அறுவை வேண்டாம், கண்காணிப்போம் என்கிறார் டாக்டர். ஈ.சி.ஹெச்.எஸ். செலவை மிச்சப்படுத்தவா?
– வாசகர், ஃப்ரேசர் டவுன்

செலவுக்காக அல்ல. கிளீசன் 3+3 என்பது பயாப்ஸியில் தரும் மிகக் குறைந்த அபாய மதிப்பெண். கண்காணிப்புக்கு அடிப்படையான ஆய்வுகளில் ஒன்று வெட்டரன்ஸ் மருத்துவமனைகளில் நடந்த பிவட். 1994 முதல் 2002 வரை 731 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு அறுவை, பாதிப் பேருக்குக் கவனிப்பு மட்டும். ஏறக்குறைய இருபதாண்டுவரை பின்தொடர்ந்ததில், எல்லாக் காரணங்களாலும் இறந்தவர் அறுவையில் 61.3 சதவீதம், கவனிப்பில் 66.8. புராஸ்டேட் புற்றால் மட்டும் 7.4, 11.4. குறைந்த அபாயக் கட்டிகளில் அறுவைக்குத் தெளிவான லாபம் தெரியவில்லை.

குறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் 2,000 பேர் சேர்ப்பதாகத் திட்டம். தகுதியான ஐயாயிரம் பேரைக் கேட்டும் ஒப்புக்கொண்டவர் 731-தான். நாணயம் சுண்டுவதுபோல் சிகிச்சையை முடிவுசெய்ய எத்தனை பேர் சம்மதிப்பார்கள்? தவிர, வெட்டரன்ஸ் நோயாளிகளுக்கு இதய நோயும் நுரையீரல் நோயும் அதிகம். பலர் வேறு காரணத்தால் முந்திக்கொண்டார்கள். ஆகவே ஆரோக்கியமான 55 வயதுக்காரர் இந்த எண்ணைத் தனக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. 50–69 வயதினர் 1,643 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்விலும், 15 ஆண்டில் இந்த நோயால் இறந்தவர் 45 பேர்தான். அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு மூன்றுக்கும் இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் உடம்பின் வேறிடத்துக்குப் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7.

கண்காணிப்பு என்றால் சும்மா இருப்பதல்ல. ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., இடையில் எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் மறுபடி பயாப்ஸி. வர மறந்துவிடுபவர்களுக்கு இது ஆகாது.

எலும்புக்குப் பரவியிருக்கிறது. மரபணுச் சோதனைக்குப் பழைய பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) கேட்கிறார்கள். எட்டு ஆண்டு முன் வேறு ஊர் ராணுவ மருத்துவமனையில் எடுத்தது. கிடைக்குமா, உதவுமா?
– வாசகர், இந்திரா நகர்

அந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் துறைக்கு எழுதிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி எண் மட்டும் போதாது. பயாப்ஸி ரிப்போர்ட்டின் மேல் மூலையில் உள்ள ஹிஸ்டோ எண்ணும் ஆண்டும் வேண்டும். பிளாக்கைத் தர மறுத்தால், அதிலிருந்து வெட்டிய சாயமேற்றாத ஸ்லைடுகள் கேளுங்கள். எத்தனை வேண்டும் என்று சோதிக்கப்போகும் லேப் சொல்லும். தபாலில் அனுப்பும்போது வெயிலில் மெழுகு இளகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உதவுமா என்றால், உறுதி சொல்ல முடியாது. ஊசி பயாப்ஸியின் துண்டு 1 மில்லிமீட்டர்கூடத் தடிமன் இராது. அதில் புற்று இருப்பது கொஞ்ச நீளம்தான். திசு கெடாமல் இருக்க ஊறவைக்கும் ஃபார்மலின் திரவத்தில் மூன்று நாளுக்கு மேல் ஊறினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகும். பிளாக் பழையதாக ஆக மேலும் சிதையும். ஓலாபாரிப் மருந்தைச் சோதித்த உலகளாவிய ஆய்விலேயே, அனுப்பிய 4,047 பேரின் திசுக்களில் 69 சதவீதத்தில்தான் முடிவு கிடைத்தது. சனிக்கிழமை எடுத்த பயாப்ஸி விடுமுறை முடியும்வரை ஃபார்மலினில் கிடப்பது நம் ஊரில் புதிதல்ல. திசு கைவிட்டால், ரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ. சோதனை உண்டு. நோய் அடங்கியிருக்கும்போது அது வெறுமையாக வரலாம். ஆகவே பி.எஸ்.ஏ. ஏறும் நேரத்தில், புது மருந்து தொடங்கும் முன் ரத்தம் எடுப்பதே சரி.

கணவருக்கு பி.ஆர்.சி.ஏ.2 மரபணுவில் மாற்றம் என்று வந்திருக்கிறது. மகளுக்கும் பார்க்க வேண்டுமா? அவள் பெண்தானே?
– வாசகி, அல்சூர்

கட்டாயம் பார்க்க வேண்டும் அம்மா. ஆனால் முதலில் ஒன்றை உறுதி செய்யுங்கள்: அது கட்டியில் கண்டதா, ரத்தத்திலோ எச்சிலிலோ கண்டதா? கட்டியில் மட்டும் இருந்தால் பிள்ளைகளுக்குப் போகாது. ரத்தத்திலும் இருந்தால் மகன், மகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு மார்பு, சினைப்பைப் புற்று அபாயம். மகனுக்கு 40 வயதிலேயே பி.எஸ்.ஏ. தொடங்க வேண்டும். பரவிய புராஸ்டேட் புற்றுள்ள 692 ஆண்களைச் சோதித்து 2016-இல் வந்த ஆய்வில் 11.8 சதவீதம் பேருக்கு இப்படிப் பரம்பரையாக வரும் மாற்றம் இருந்தது. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதல்ல.

மகளை லேபுக்கு அனுப்பும்போது கணவரின் ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்புங்கள். மாற்றத்தின் முழுக் குறியீடு அதில் இருக்கும். அது கையில் இருந்தால் மகளுக்கு அந்த ஓரிடத்தை மட்டும் பார்த்தால் போதும், முழு மரபணுத் தொகுப்புச் சோதனையைவிடச் செலவு குறையும்.